மூன்றாம் மதிப்பீட்டாளருக்கு

இயற்பியல் துறை, மூன்றாம் மாடி
செவ்வாய், பிற்பகல்

என் சண்டைக்காரிக்கு அன்புடன்,

நலம்தானே? நான் உயிரோடு இருக்கிறேன். துவைக்கும் இயந்திரம் மறுபடி ஒழுகுகிறது. மின்னஞ்சல் அனுப்பினால் ‘சரி’, ‘பார்க்கிறேன்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறாய். காகிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

நேற்று நிதி வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. மூடுபனியில் வலை கட்டித் தண்ணீர் பிடிக்கும் என் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டிருந்தேன். முன்மொழிவில் என் பெயரை மறைத்து மூன்று மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பினார்களாம். இரண்டு பேர் நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். மூன்றாமவர், ‘இதை எழுதியவர் என் கணவர் என்று அறிகிறேன், ஆகவே நான் மதிப்பிடுவது முறையல்ல’ என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். நானோ உறுதிமொழிப் படிவத்தில், இதே துறையில் நெருங்கிய உறவினர் எவரேனும் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும்.

எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான்காவது வரைபடம். உயரத்தைக் கிடையச்சில் போட்டிருந்தேன். ஊரே உயரத்தை நிமிர்த்தி வரையுது, நீ மட்டும் ஏன்டா படுக்க வைக்கிறே என்று எத்தனை தடவை கத்தியிருப்பாய்!

முதலில் கோபம்தான் வந்தது. இந்த வருடம் வெளியிலிருந்து நிதி வராவிட்டால் என் பணி நிரந்தரமாகாது, ஆறு மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது. இது உனக்கும் தெரியும். பேசாமல் மதிப்பெண் போட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று வாய்விட்டே சொன்னேன். நல்லவேளை, அறையில் யாரும் இல்லை. நீ அப்படிச் செய்யக்கூடியவள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் அந்தச் சொல் கண்ணில் பட்டது. ‘கணவர்.’ நீ அங்கே போன இந்த ஒன்றரை வருடமாக நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முத்திரை குத்திய அரசாங்கக் காகிதத்தில் வந்து நிற்கிறது.

அதைக் கையில் வைத்துக்கொண்டே ஆய்வகத்துக்குப் போய், செயற்கையாகப் பனி எழுப்பும் அந்த மூடுபனிப் பெட்டியை ஓடவிட்டேன். அளவு எடுக்க வேண்டியதில்லை, சும்மாதான். சன்னல் திரையை இழுத்துவிட்டுப் பச்சை லேசரைப் போட்டதும் கண்ணாடிக்குள் துளிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மேலே போகின்றனவா, கீழே விழுகின்றனவா என்று சொல்ல முடியாத அந்தத் தயக்கம். நான் முக்காலியில் உட்கார்ந்தபடியே கண் செருகியிருக்க வேண்டும். பெட்டியின் சுவர்கள் இல்லாமல் போய், அறை முழுக்க வெள்ளையாகிவிட்டது. நாம் முதன்முதலில் வலை கட்டிய சரிவில் நின்றுகொண்டிருந்தோம். ஞாபகம் இருக்கிறதா? அளவு நாடாவின் ஒரு முனை உன்னிடம், மறுமுனை என்னிடம். நடுவே நூறு அடி பனி. உன்னைப் பார்க்க முடியவில்லை, குரலும் வந்து சேரவில்லை. நாடாவை ஒரு தடவை சுண்டினால் ‘நிற்கிறேன்’, இரண்டு தடவை சுண்டினால் ‘குறித்துக்கொண்டேன்’. விடியற்காலை முழுவதும் அப்படியே பேசினோம். கல்யாணத்துக்குக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான், நீ கண்ணில் படாத அந்த இரண்டு மணி நேரத்தில். இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

பெட்டியின் தண்ணீர் தீர்ந்து மணி அடித்ததும் எழுந்தேன். சட்டைக் கையெல்லாம் ஈரம்.

ஆராய்ச்சி நிதிப் பிரிவின் அக்காவைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, ஏன் தம்பி, பொண்டாட்டி இருக்கறதையா மறந்தீங்க, இன்க்ரிமென்ட் தேதியை என்னைக்காவது மறந்திருக்கீங்களா என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வழியும் சொன்னார். ரெண்டு பேரும் தனித்தனியாத்தானே இருக்கீங்க, படிவம் அனுப்பறதுக்கு முன்னாடியே பிரிஞ்சாச்சுன்னு ஒரு வரி எழுதுங்க, அவங்க கையெழுத்தையும் வாங்கிடுங்க, அப்புறம் நீங்க போட்ட ‘இல்லை’ங்கறது சரியாயிடும் என்றார். நம் துறைத் தலைவரும் அதையேதான் சொன்னார். இதுல பொய் எங்கப்பா இருக்கு, அவ அங்க, நீ இங்க, ஒண்ணரை வருஷமாச்சு என்றார்.

அக்கா நல்ல மனசோடு அதைத் தட்டச்சுசெய்தே கொடுத்துவிட்டார். கீழே உன் கையெழுத்துக்குக் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. அந்தத் தாளை ஒரு இரவு முழுக்க மேசையில் வைத்திருந்தேன். தகவல் என்று பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

‘இல்லை’ எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அனுப்பிய பழைய படிவத்தை நகலெடுத்து ஒட்டினேன். தேதியை மட்டும் மாற்றுவது நம் கூட்டத்தின் வழக்கம்தானே, நீயும் செய்வாய். அதோடு நிறுத்திக்கொண்டால் நான் யோக்கியன். ஆனால் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் வாரியத்தின் இணையதளம் ஒவ்வொரு பக்கமாகக் காட்டி, சரிதானா என்று கேட்டது. அந்த வரியைப் பார்த்தேன். விடுமுறைக்கு வருகிறாயா என்று நான் கேட்டதற்கு ‘பார்க்கிறேன்’ என்று நீ பதில் போட்டிருந்த வாரம் அது. அந்தக் கடுப்பில், இருக்கட்டும், அதுதானே நிஜம் என்று அழுத்திவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ புறப்பட்ட அன்று, கருவியின் அளவு சரிபார்ப்பை நடுவில் நிறுத்த முடியாது என்று சொல்லி வழியனுப்ப வராமல் இருந்தேன். நிறுத்தலாம். மறுபடி தொடங்க ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். அங்கே போய் ஆராய உனக்கு நிதி கிடைத்திருந்தது, எனக்குக் கிடைக்கவில்லை. உன் பெட்டி வாசலில் நிற்பதைப் பார்க்கத் திராணி இல்லாமல்தான் ஆய்வகத்தில் கிடந்தேன்.

இன்று காலை என் விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றே வரி. ‘அவர் என் மனைவி. படிவம் அனுப்பிய நாளிலும் என் மனைவிதான். படிவத்தில் இல்லை என்றிருந்ததைத் தெரிந்தே விட்டேன், தவறு என்னுடையது.’ அக்கா படித்துவிட்டு, அந்தத் தெரிந்தேங்கற ஒரு வார்த்தையை மட்டுமாவது எடுத்துடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமா போகும் என்றார். எடுக்கவில்லை. இப்படியும் ஒருத்தர் தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்டுப்பாரா என்று முணுமுணுத்துக்கொண்டே முத்திரை குத்தினார். இந்த வருடம் நிதி போனது போனதுதான். இரண்டு வருடம் விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம். வேறு வேலை தேட வேண்டிவரும். அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

வாரியம் இனி உனக்கு எழுதும். விண்ணப்பதாரர் சொல்லும் உறவு சரிதானா என்று கேட்டு ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம் தருவார்களாம். எதில் குறியிடுவது என்பது உன் உரிமை. நான் செய்ததுபோல் கடுப்பில் மட்டும் செய்யாதே. ஒருநாள் நன்றாகத் தூங்கி எழுந்து, வெளிச்சம் வந்தபிறகு, சன்னல் பக்கமாக உட்கார்ந்து செய்.

அதற்குக் கீழே ‘மதிப்பீட்டாளர் குறிப்பு’ என்று இன்னொரு கட்டம் இருக்குமாம். அதை வெறுமனே விட்டுவிடாதே. திட்டியாவது எழுது. இருநூறு சொல்லுக்கு மேல் ஏற்கமாட்டார்கள் என்று அக்கா சொன்னார். மிச்சத்தை இந்த முகவரிக்கு அனுப்பு.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நன்றாக இரு.

இப்படிக்கு,
நீ எழுதியபடியே,
உன் கணவன்