நீங்கள் போடாத உடுப்பு

வெடிச்சத்தம் என்றாலே நடுங்கும் என் பாவாவுக்கு,

தீபாவளிக்கு யாராவது சரவெடி வைத்தால் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடுகிற ஆள் நீங்கள். இப்போது திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரே கையில் துப்பாக்கியோடு நிற்கிறீர்கள், தெரியுமா?

பேனரில்தான். பச்சை உடுப்பு, நெஞ்சில் பதக்கம், பின்னால் தேசியக் கொடி. கழுத்துக்கு மேலே மட்டும்தான் நீங்கள். உங்களுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் ஆனபோது எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு நெற்றியில் வைத்த சந்தனம்கூட அப்படியே இருக்கிறது.

கே.ஜி.கண்டிகையில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவரை ரஷ்யாவில் ஓட்டல் வேலை என்று சொல்லித்தானே ஏஜென்ட் கூட்டிப்போனான். போன இடத்தில் துப்பாக்கியைக் கொடுத்து உக்ரைன் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆணி அடித்த பெட்டியாக வந்தீர்கள். திறக்க வேண்டாம் என்றார்கள். அப்படியே புதைத்தோம். உள்ளே இருந்தது நீங்கள்தானா பாவா?

வீட்டுக்கு வந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "நமக்கு எண்ணெய் தர்ற நாடும்மா. மேல பேச்சுவார்த்தை நடக்குது. பேட்டி கீட்டின்னு எதுவும் குடுத்துடாதீங்க" என்றார். டில்லியில் எதிர்க்கட்சி உங்களைப் பற்றிக் கேள்வி கேட்டதாக டிவியில் ஒரு வரி ஓடியது. பிறகு இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கைகுலுக்கும் படம் வந்தது. அந்த வரி மறுபடி ஓடவில்லை.

தேர்தல் வந்ததும் நீங்கள் திரும்பி வந்தீர்கள்.

பேனர் வைத்த எங்கள் தெருக் கட்சிக்காரரிடம், "இது நம்ம மிலிட்டரி டிரெஸ் ஆச்சேண்ணா" என்றேன். "எந்த நாட்டு சண்டைன்னு ஜனங்களுக்கு என்னாத்துக்குடா சொல்லிக்கினு? தேசத்துக்காக செத்தாருன்னு இருந்துட்டுப் போட்டும்" என்றார். எதிர்க்கட்சிக்காரர்களும் சளைத்தவர்களா என்ன? அதே படத்தை வாங்கித் தங்கள் கொடியின் நிறத்தில் வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பயம் பிடித்தது அதற்குப் பிறகுதான். பூக்காரம்மா சொல்கிறார்: "லீவுல வந்தப்போ பாத்தேனே. அந்த டிரெஸ்லயே மலைக்குப் போய்கினு இருந்தாரு." அரக்கோணம் ஸ்டேஷனில் உங்களுக்கு சல்யூட் அடித்ததாக மெக்கானிக் பாய் சத்தியம் செய்கிறார். உங்கள் கையால் பரோட்டா தின்றவர்கள் பாவா இவர்கள்! யாரும் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அக்காவிடம் கத்தினேன். "ஏமாந்து செத்தவன் பொண்டாட்டின்னு எளக்காரமா பாத்தாங்க. இப்போ எழுந்து நின்னு வணக்கம் சொல்றாங்க. உட்டுடுடா" என்றாள். அதில் ஒரு நியாயம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "யூனிபாரத்துக்குக் கஞ்சி போட்டுத் தருவேனே, ஞாபகம் இருக்குதா?"

அவள் விளையாடவில்லை.

உங்கள் பாப்பாவுக்கு விவரம் தெரிகிற வயசாகிவிட்டது. பள்ளியில் உங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். "மாமா, அப்பா எந்த எதிரியைச் சுட்டாரு?" என்று நேற்று கேட்டாள். சுட்டீர்களா பாவா? சுடச் சொன்னபோது என்ன செய்தீர்கள்? பதில் சொல்வதற்காக உங்களை நினைத்துப் பார்த்தேன். எனக்கும் பச்சை உடுப்புதான் முதலில் வந்தது. மாவு அப்பிய கையை எவ்வளவோ தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது.

இன்னும் கொஞ்ச நாள் போனால் அந்தக் கை எனக்கும் அகப்படாது. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன். அழுவாள். அக்கா என்னோடு பேசமாட்டாள். ஊரே என்னைப் பொய்யன் என்று சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும். உன் அப்பா யாரையும் சுடுவதற்காகப் போகவில்லை கண்ணு, சமைக்கத்தான் போனார் என்று சொல்வேன். எனக்கு மறந்துபோகும் நாளில் அவளாவது அதை என்னிடம் சொல்லவேண்டும்.

இது உங்கள் மேல் ஆணை.

இப்போதைக்கு எல்லாம் ஞாபகமிருக்கும்
உங்கள் மச்சினன்