நீலப் பலகையில் நெருப்பு

செஞ்சி,
வியாழக்கிழமை

என்னங்க,

நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். அதனால்தான் நீங்கள் டேங்கரோடு போயிருக்கும் குஜராத்துக்கு லோடு எடுத்து வரும் தங்கராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சிங்கவரத்துக் கழனியில் மல்லாட்டை பிடுங்கியாயிற்று, கடலை நன்றாகத் திரண்டிருக்கிறது.

திங்கட்கிழமை திண்டிவனம் ரோட்டில், நீங்கள் எப்போதும் டீக்கு நிறுத்தும் உங்கள் மங்கையின் கடைக்கு எதிரே டிரம் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. பின்சக்கரத்தில் புகை. டிரைவர் மெக்கானிக்கைத் தேடிப் போயிருந்தார். பஸ்ஸுக்கு நின்ற நான் லாரியின் பின்னால் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தேன். நீலத்தில் நெருப்புப் படம். நீலம் என்றால் தண்ணீர்தானே, ஊற்றி அணைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவள் கடைக் குடத்தையே தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “ஊத்தாதக்கா! நீலத்துல நெருப்பு போட்டிருந்தா தண்ணி ஆவாது. உள்ள இருக்குற சரக்கு தண்ணி பட்டாலே பத்திக்கும்” என்று கத்தினாள். மண்ணை அள்ளிப் போட்டு அடக்கினார்கள்.

எல்லோரும் அவளை மெச்சினார்கள். அவளோ உங்கள் பேரைச் சொல்லி, விநாயகம் அண்ணன் சொல்லிக்கொடுத்தது என்றாள். அண்ணன் என்றதால் தப்பித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பதினாலு வருஷமாக ‘சாப்டியா, கரண்ட் பில் கட்டிட்டியா’ தவிர என்னிடம் என்ன பேசியிருக்கிறீர்கள்? அவளுக்கு மட்டும் பலகை பலகையாகப் பாடம். அப்படி என்னதான் டீ போடுகிறாள் என்று குடித்துப் பார்த்தேன். சர்க்கரை அதிகம்.

சண்டை பிடிக்கத்தான் மறுநாளும் போனேன். பேச்சுவாக்கில் உங்கள் டேங்கரில் இருப்பது மண்டையோட்டுப் படம் என்று சொல்லிவிட்டாள். கசிந்தால் மூச்சில் போனாலே ஆபத்தாம். என்னிடம் எண்ணெய் ஏற்றுகிறேன் என்றுதானே சொன்னீர்கள்? “வூட்ல சொன்னா அது தூங்காது” என்று அவளிடம் சொன்னீர்களாம். நீங்கள் கிளம்பும் ஒவ்வொரு முறையும் வண்டி மறையும்வரை அவள் கடை வாசலில் நின்று பார்ப்பாளாம். நான் வீட்டில் நிம்மதியாக டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்களுக்காகப் பயப்படுவது என் பங்கு. அதை எடுத்து அவளிடம் கொடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

அந்த மண்டையோட்டுப் படத்தையும் பலகையில் அதோடு இருக்கும் நம்பரையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். தண்ணீர் ஆகுமா ஆகாதா, கசிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எல்லாம் எழுதுங்கள். தூக்கம் போனால் போகட்டும்.

சிங்கவரத்து ரங்கநாதர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வரும்போது டீக்கு அங்கே நிறுத்தாதீர்கள். நேரே வீட்டுக்கு வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
அமலா