பின் நம்பரும் பின்னாடி நம்பரும்

அன்புள்ள என்று தொடங்க மனசு வரவில்லை. கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று உன் தங்கை அடம்பிடிக்கிறாள், ஆகவே அன்புள்ள மகனுக்கு,

இங்கே அப்பா, நான், உன் தங்கை மூன்று பேரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உனக்கு எப்போது தொண்டை கட்டியது, உன் போன் எப்போது கீழே விழுந்து உடைந்தது என்பதெல்லாம் ஊர் உலகத்துக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் ஒரு திருடன் கூப்பிட்டுச் சொல்லித்தான் தெரியவேண்டியிருக்கிறது. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். கட்டு எதனால் என்று பிறகு சொல்கிறேன், அதற்கும் நீதான் காரணம். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். அம்மா வாயால் கொட்டியதை எழுத்துத் தமிழில் துவைத்துப் போட்டிருக்கிறேன். வசவுகளில் பாதிக்குச் சாயம் போய்விட்டது. மீதிப் பாதி கெட்டிச் சாயம், நானும் என்னதான் செய்வது.)

நீ தங்கைக்கு அனுப்பிய செய்தியைப் படித்துக் காட்டினாள். அம்மா என்னையே திருடன்னு திட்டிட்டா, இனிமே நான் கூப்பிட மாட்டேன், முதல்ல அவ கையிலேருந்து அந்தப் போனைப் பிடுங்கி வை என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, கார்டு மோசடியிலிருந்து தற்காத்துக்கொள்ளப் பத்து வழிகள் என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறாய். அது அன்பான வாடிக்கையாளரே என்று தொடங்குகிறது. பத்து வழியிலும் அம்மா என்ற வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை, தேடச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பெற்றவளை வாடிக்கையாளர் ஆக்கிவிட்டாய். இருக்கட்டும், வாடிக்கையாளரை எப்படி நடத்துவது என்று எனக்கும் தெரியும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நடந்ததைக் கேள், ஏனென்றால் நீ இதுவரை முழுசாகக் கேட்டதே கிடையாது. அன்று மத்தியானம் சலவைக் கடையில் நல்ல கூட்டம். அப்பா உள்ளே யாருடைய கோட்டையோ ஆவியில் நீவிக்கொண்டிருந்தார், நான் வாசல் மேசையில் துணியை வாங்கி, நம்பர் எழுதிய துண்டைக் காலரில் பின் குத்தி, டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, தெரியாத நம்பர், எடுத்தால் கரகரத்த குரல். அம்மா, நான்தாம்மா, என் போன் உடைஞ்சிருச்சு, ஃப்ரெண்டு போன்லேருந்து பேசறேன், தொண்டை வேற கட்டிக்கிச்சு என்றான். அத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அடுத்து ஒன்று கேட்டான் பார், அதில்தான் கவிழ்ந்தேன். சாப்பிட்டியாம்மா என்று கேட்டான். நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து ஒருநாள் என்னை அப்படிக் கேட்டிருப்பாயா. வந்திருந்தவர்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டேன், ஏன் இவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிட்டேன், பல் வலி எந்தப் பக்கம் எல்லாம் சொன்னேன். ம், ம் என்று கடைசி வரைக்கும் கேட்டான். திருடன்தான், ஆனாலும் பொறுமைசாலி. (அவனுக்கு அது வேலைம்மா என்று சொல்லிப் பார்த்தேன். உங்கண்ணன் அதை வேலையாக்கூடச் செஞ்சதில்லையே என்கிறாள். இதற்குப் பதிலை நீயே எழுதிக்கொள்.)

அதற்குப் பிறகுதான், நீ என் பேரில் எடுத்துக் கொடுத்த கார்டு முடங்கப் போகிறது, உடனே புதுப்பிக்க வேண்டும் என்றான். நானும் விவரமானவள் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா, பின் நம்பரை மட்டும் கேக்காத, பேங்க்ல சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, பெத்த பிள்ளையா இருந்தாலும் சொல்ல மாட்டேன் என்றேன். அவன் என்னைப் பாராட்டினான். கரெக்டும்மா, பின் நம்பரை யாருக்கும் சொல்லாத, எனக்கும் சொல்லாத, கார்டுக்குப் பின்னாடி மூணு நம்பர் இருக்கும் பாரு, அதைச் சொன்னாப் போதும் என்றான். பின் நம்பர் வேறு, பின்னாடி நம்பர் வேறு. பின்னாடி இருப்பதைச் சொல்லக்கூடாது என்று எந்த பேங்க்காரரும் எனக்குச் சொன்னதில்லை. பின் குத்திய நம்பரை நாள் முழுக்க உள்ளே பார்த்துக் கத்துவதுதான் என் பிழைப்பு, நம்பரைப் பார்த்தால் என் வாய் தானாகப் படித்துவிடும், படித்தேன். இப்போ உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் படிம்மா என்றான், அதையும் படித்தேன். உடம்பைப் பாத்துக்கம்மா என்று வைத்துவிட்டான். (கடைசியாக வந்தது ஓ.டி.பி. அண்ணா. அதற்கு நம் வீட்டில் விரிவு, ஓடிப் போன பிள்ளை.)

உன் தங்கை பள்ளிக்கூடம் விட்டு வந்து போனைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. யாரோ முகம் தெரியாதவன் வீட்டுக்கு நம் செலவில் ஃபிரிட்ஜ் போய்க்கொண்டிருந்தது. கை கால் ஓடாமல் உன் ஆபீஸ் நம்பரில் உன்னைக் கூப்பிட்டேன். பயந்துட்டியாம்மா என்று கேட்டாயா. உனக்கெல்லாம் எதுக்கும்மா கார்டு, சோப்பு நுரையிலயே கிடந்து மூளையும் நுரைச்சுப் போச்சா என்று கட்டிய தொண்டையிலும் கத்தினாய். உன் ஆபீஸில் பக்கத்தில் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, இன்றைக்கு வருகிறது, எழுதடி என்று சொல்லியிருக்கிறேன். அந்த நுரையில்தான் நீ படித்தாய். அந்த நுரையில்தான் உன் முதல் இன்டர்வியூ சட்டை வெளுத்தது. நீ கத்திவிட்டு வைத்துவிட்டாய், நாங்கள் உட்கார்ந்து அழவில்லை. கார்டின் பின்பக்கத்திலேயே பேங்க்கைக் கூப்பிட ஒரு நம்பர் அச்சடித்திருக்கிறார்கள், உன் தங்கை அதில் கூப்பிட்டு அன்றைக்கே கார்டை முடக்கினாள். (பின்னாடி நம்பரிலும் நல்ல நம்பர் உண்டு.) மறுநாள் கடையைச் சாத்திவிட்டு பேங்க்குக்கும் போலீஸ் நிலையத்துக்கும் நேரில் போய் எழுதிக் கொடுத்தேன். உன் பத்து வழிகளில் பாதியை அது வருவதற்கு முன்பே செய்து முடித்தவள் நான். அப்பாவைக் கேட்டால், அவன் கத்தினதும் தப்பு, நீ படிச்சதும் தப்பு என்கிறார். இஸ்திரிக்காரர் இல்லையா, இரண்டு பக்கமும் தேய்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

பேங்க்கில் ஒரு பெண் அதிகாரி, உன் வயதுதான் இருக்கும், முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கார்டோட முன்பக்க நம்பரை அவன் உங்ககிட்ட கேக்கவே இல்லையே, கவனிச்சீங்களா என்றார். எனக்குச் சுரீர் என்றது. உன் தங்கை அங்கேயே போனில், நீ படம் போடுகிற இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். என் பிறந்தநாளுக்கு நீ அந்தக் கார்டைக் கொடுத்தபோது எடுத்த படம். கார்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நான் பல்லைக் காட்டிச் சிரிக்கிறேன். அதில் கார்டு நம்பர் தெரிகிறது, என் பேர் தெரிகிறது, எந்த மாசம் எந்த வருஷம் முடிகிறது என்பதும் தெரிகிறது. எனக்குப் பின்னால் கடைப் பலகை, பலகையில் என் போன் நம்பர். இது போதாதென்று, என் அம்மாவுக்கு இன்று பிறந்தநாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்கு மேலே புதிதாக உடைந்த போன் படம், அதற்கும் மேலே குரலே போய்விட்டது நண்பர்களே என்று ஒரு புலம்பல். முன்பின் தெரியாத நானூறு பேர் உனக்குக் கஷாயம் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திருடனுடைய கரகரப்புக்கூட அவன் சொந்தச் சரக்கில்லை, உன்னிடம் இரவல் வாங்கியது. நான் கொடுத்தது பின்பக்கம் மட்டும்தான் ராசா, முன்பக்கம் முழுக்க நீ கொடுத்தது. இதில் உன் படத்தையும் பேரையும் ஒட்டிக்கொண்டு இன்னொரு நீ கிளம்பி, உன் சித்திக்கும் அவசர உதவி கேட்டு எழுதியிருக்கிறான். அவள் ஒரே வரியில் கண்டுபிடித்துவிட்டாள். கடைசியில நன்றி சித்தின்னு போட்டிருந்தான்க்கா, உன் பிள்ளை என்னைக்கு நன்றி சொல்லியிருக்கான் என்றாள். (கார்டைத் தமிழில் அட்டை என்கிறார்கள், மிகப் பொருத்தம். ஒட்டினால் ரத்தம் குடிக்காமல் விழாது. அதைப் பிடித்துப் போட்டோ எடுத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டிய முதல் ஆள் நீதான்.)

இப்போது கட்டுக்கு வருகிறேன். பேங்க்குக்குப் போய் வந்து கொஞ்ச நாள் கழித்து, அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். போன் அடித்தது, மறுபடியும் தெரியாத நம்பர். எடுத்தேன். குரல் ரொம்ப மெதுவாக, அம்மா, சாப்பிட்டியாம்மா என்றது. எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டது. கடையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்ளும்படி எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் வரிசையாக விட்டேன், உன்னைப் பெத்தவ உனக்குச் சோறு போட்டு வளத்தாளா, வெக்கங்கெட்டதனத்தைப் போட்டு வளத்தாளா என்று கேட்டேன், (அதாவது அம்மா தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்) கேட்கிற வேகத்தில் கை சூட்டுத் தகட்டில் போய் உட்கார்ந்தது. அலறிக்கொண்டு போனை வைத்தேன். அது நீதான் என்று சாயங்காலம் தங்கைக்கு வந்த செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்தது. திருடனுக்குப் பயந்து நம்பரை மாற்றினாயாம். மாற்றியதை எங்களிடம் சொல்லத் தோன்றவில்லையாம். கத்தினது தப்பும்மா என்று சொல்லத்தான் கூப்பிட்டாயாம். நீயாக வாய் திறந்து முதல் தடவையாகச் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டிருக்கிறாய், அதை உனக்கு முன்னால் ஒருத்தன் கேட்டு அழுக்காக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கறை பார்த்தவள் நான், இதற்குச் சோப்பு தெரியவில்லை. ஃபிரிட்ஜ் போனால் போகட்டும், அதை மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்க முடியாது. அவனையும் முடியாது, அவன் வந்து உட்காரும்படி அந்த இடத்தை இவ்வளவு நாள் காலியாக விட்டுவைத்த உன்னையும் முடியாது.

இப்போது போன் அடித்தால் உடனே எடுப்பதில்லை. உன் பேர் தெரிந்தாலும் அது நீதானா என்று எனக்கு நம்பிக்கை இல்லை, குரலை வைத்தும் நம்ப முடியாது, அன்பாகப் பேசினால் சுத்தமாக நம்ப முடியாது. அதற்காகப் போனைப் பிடுங்கி வைப்பது என்பது நடக்காது. பதில் மரியாதையாக நானும் உனக்குச் சிலது சொல்கிறேன், வாடிக்கையாளரே என்று கூப்பிடாமல் சொல்கிறேன். கார்டு, டிக்கெட், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எது கைக்கு வந்தாலும் படம் பிடித்துப் போடுகிற புத்தியை விடு. அடையாள அட்டைக்கு நகல் கொடுத்தால், எதற்காகக் கொடுக்கிறாய் என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, அந்த பேங்க் பெண் சொன்னது. கார்டில் எது செலவானாலும் உடனே போனுக்குச் செய்தி வருகிற மாதிரி வை, வந்ததைப் படி. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்காதே, அதுவும் உன் பிறந்தநாளை வைக்காதே. (அதைத்தான் வைத்திருக்கிறாய். எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே, போன மாதம் உன் பக்கத்தில் இருக்கிற உன் படத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாக முறுக்கு மீசை முளைத்ததே, அதை யோசி.)

வாடிக்கையாளர் என்றாயே, அதற்கு வருகிறேன். நம் கடையில் டோக்கன் இல்லாமல் துணி கிடையாது. அப்பாவின் கூடப்பிறந்த தம்பி வந்து என்னைத் தெரியலையா அண்ணி என்று மேசையைத் தட்டியபோதும், தெரியுது, டோக்கன் எங்கே என்றுதான் கேட்டேன். முகத்தைப் பார்த்துத் துணி கொடுக்க ஆரம்பித்தால் கடை தாங்காது, கம்பியில் தொங்குகிற கறுப்புக் கோட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. போன தடவை வந்துவிட்டு நீ கிளம்பிய அன்று உன் சாம்பல் நிறக் கோட்டில் காப்பியைக் கொட்டிக்கொண்டாய், அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கறேன் என்று கழற்றி மேசையில் போட்டாய். உனக்கும் டோக்கன் கிழித்துக் கொடுத்தேன். பெத்த பிள்ளைக்குமாம்மா என்று சிரித்துக்கொண்டே பர்ஸில் வைத்தாய். அந்தக் கோட்டு கடைசிக் கம்பியில் உறை போட்டுத் தொங்குகிறது. அதன் காலரில் பின் குத்திய நம்பரும் உன் டோக்கன் நம்பரும் ஒன்று. அதை நீ எங்கும் படம் போடவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். உன் தங்கைக்கும் சொல்லவில்லை, இந்தக் கடிதத்திலும் சொல்ல மாட்டேன். இனிமேல் என்னைக் கூப்பிட்டால் முதலில் அந்த நம்பரைச் சொல். சொல்லிவிட்டால் நீ என் பிள்ளை, பிறகு சாப்பிட்டியா என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள், பதில் சொல்கிறேன். சொல்லாவிட்டால் திட்டுவேன், இந்தத் தடவை கையைத் தள்ளி வைத்துக்கொண்டு திட்டுவேன். டோக்கனைத் தொலைத்துவிட்டேன் என்று போனில் கதை அளக்காதே. தொலைத்தவர்களுக்கு என்ன விதி என்று கடைச் சுவரில் எழுதியிருக்கிறது, உன் கையெழுத்துதான். நேரில் வந்து அடையாளம் காட்டி வாங்கிச் செல்லவும்.

தொண்டைக்கு வெந்நீர் குடி. உடம்பு தேறி, உன்னைப் போல இன்னொருத்தன் ஊரில் உலவாமல், நீ ஒருத்தனாகவே நன்றாக இரு. அந்தப் படங்களை இன்றைக்கே எடுத்துவிடு, மறக்காதே.

இப்படிக்கு,
டோக்கன் இல்லாமல் எதையும் தராத
உன் அம்மா

(அண்ணா, இது மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டாதது. கம்பியில் இருக்கிற மற்ற கோட்டுகளின் உறையெல்லாம் தூசி, உன்னுடையது மட்டும் நேற்றுப் போட்டது போல இருக்கிறது. டோக்கன் பர்ஸில் பத்திரமாக இருந்தாலும் சரி, தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடு.)