எல்லா மேடையும் உன் அளவுக்கு

அன்புள்ள என் குள்ளச்சிக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் உன்னை வார்டிலிருந்து கூப்பிட்டுவிடுகிறார்கள், எனக்கோ சொல்ல வந்ததில் பாதி மறந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்ட வேண்டுமாம், தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறான். மூத்தவள் தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள். என் பின்னலை நம்பிப் பள்ளிக்கூடம் போக முடியாதாம். பஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற இந்த அறையில் காலை நீட்டினால் கதவு, கையை நீட்டினால் அடுப்பு. காலையில் நான் பள்ளி பஸ்ஸைக் கிளப்பினால் பிள்ளைகள் இருமிக்கொண்டே எழுந்திருக்கிறார்கள். இருந்த வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது, இந்த அறையில் நாலு பேர் படுக்க முடியாது, கொஞ்ச நாள்தான் என்று சொல்லி நீ நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாய். அந்த வீடு விடுமுறைக்கு வருகிறவர்களுக்காகப் பூட்டியே கிடக்கிறது. இந்தப் பக்கம் பூட்டிய வீட்டுக்குப் பஞ்சமில்லை, வேலை செய்கிறவன் தலைசாய்க்கத்தான் இடமில்லை. நம் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேண்டும் என்கிற அறிவிப்பும் அப்படியே தொங்குகிறது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இரண்டாவதை உன்னோடு சமாளித்துவிட்ட தைரியத்தில்தான் முதலாவதில் இறங்கினேன். வீடு கட்டச் சேர்ந்த நம் சங்கத்தின் ஏற்பாடு உனக்குத் தெரியும். ஆலைக்காரர்கள், பால் பண்ணைக்காரர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து எல்லா வீட்டையும் கட்ட வேண்டும். கடைசி வீட்டுக்குக் கூரை போடும்வரை யாரும் குடியேறக் கூடாது. எது யாருடையது என்று அப்புறம்தான் குலுக்கிப் போடுவார்கள். தன் வீட்டை இழைத்து இழைத்துக் கட்டிவிட்டு அடுத்தவன் வீட்டில் கைவிரித்துவிடக் கூடாதே, அதற்காக. நல்ல ஏற்பாடுதான். அதிலும் நான் ஒரு கோளாறு பண்ணிவிட்டேன்.

நான் எழுப்பிய சுவர் கும்பிடு போடுகிறது என்று மேஸ்திரி என்னைச் சமையல் மேடை வேலைக்கு மாற்றினார். மாற்றிய கையோடு காய்ச்சலில் படுத்துவிட்டார். எவ்வளவு உயரம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளிக்கு லீவு விட்டிருந்ததால் தினமும் போய் நானே கட்டினேன். பழைய வீட்டில் நீ பலகை போட்டு ஏறி நின்று சமைத்ததுதான் கண்ணிலேயே நின்றது. என் பக்கத்தில் நீ நின்றால் உன் முழங்கை எங்கே வரும் என்று எனக்குத் தெரியாதா? அந்த இடத்தில் கோடு போட்டேன். எந்த வீடு நமக்கு விழும் என்று தெரியாதே! அதனால் எல்லா வீட்டிலும் அதே கோடு.

மேஸ்திரி எழுந்து வந்த அன்றைக்கே பெண்களும் பார்க்க வந்துவிட்டார்கள். லாரி ஓட்டுகிற நெட்டை அக்கா மேடை முன்னால் நின்று, இது சமைக்கிறதுக்கா உக்காருறதுக்கா என்று கேட்டார். மேஸ்திரி டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, யார் குடுத்த அளவு இது என்றார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழித்தேன். வேறு வழியில்லாமல், என் சம்சாரம் அளவுங்க என்றேன். கிளம்பியது பார் சிரிப்பு! ஆலைக்காரர் ஒருவர் சிமெண்ட் மூட்டை மேலேயே சரிந்துவிட்டார். நெட்டை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டா என் உயரம் என்னன்னே தெரியாது என்றார்.

நேற்று எல்லோரும் கூடிப் பேசினார்கள். மற்ற மேடைகள் மேல் ஒரு வரிசை கல் ஏற்றுவது, ஓரத்து வீட்டில் மட்டும் அப்படியே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அந்த வீட்டைக் குலுக்கலில் சேர்க்கப் போவதில்லை. அது நமக்காம்.

துள்ளிக் குதிக்க வேண்டியவனுக்கு, அன்றைக்கு நாம் போனில் பேசியதுதான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில என் வேலையை நிரந்தரமாக்குறாங்க, நீங்க எல்லாரும் இங்கேயே வந்துடலாமே என்று நீ கேட்டாய். யோசிக்கலாம் என்றேன். அதோடு அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீ கேட்டதில் தப்பே இல்லை. அங்கே உன்னை மதிக்கிறார்கள், நீ தனியாக நின்று காலூன்றிய இடம் அது. உன்னை வா என்று இழுக்க எனக்கு மனசு வரவில்லை. நீ இல்லாமல் இருக்கவும் முடியவில்லை, குள்ளச்சி.

நெட்டை அக்கா கையில் கல்லோடு நின்று, அவங்க வருவாங்கல்ல, இல்லேன்னா இதையும் சேர்த்து ஏத்திடலாம் என்று கேட்டார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். வருவா என்று சொல்லிவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் சொல்லிவிட்டேன்.

அதற்காக நீ கட்டுப்பட வேண்டாம். ஒரே ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு வா. அந்த மேடை முன்னால் நின்று, கை வாகாக இருக்கிறதா என்று மட்டும் சொல். மனசு ஒட்டவில்லையென்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் உன் பின்னால் வந்துவிடுகிறேன், சத்தியம். ஆனால் நீ வந்து ஒரு தரம் நிற்காமல் அதன் மேல் இன்னொரு கல் வைக்க எனக்குக் கை வராது.

உன் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்