உருண்டை சாப்பிடுற நேரம்

ஜூன் 4

அன்பு தையல்கார அக்காவுக்கு,

உருண்டை நல்லபடியா வந்து சேர்ந்தாச்சு. பஸ்ல வழி முழுக்கக் கூடை என் மடியிலதான். பக்கத்து சீட்டுக்காரர் "என்னம்மா, எலியா முயலா?"ன்னார். "சின்சில்லா"ன்னேன். "அது யாரு?"ங்கறார். "எலி ஜாதிதான், முயல் மாதிரி ரோமம்"ன்னேன். அப்பா கூண்டைப் பார்த்துட்டு, "எனக்கே சொந்த வீடில்ல, எலிக்கு மாடி வீடா"ங்கறார்.

அது ரோமத்தாலதான் உங்களுக்கு மூச்சுத் திணறுதுன்னு டாக்டர் சொல்லலைன்னா, இதை யாருக்குமே குடுத்திருக்க மாட்டீங்க. தெரியும். கவலைப்படாதீங்க, நான் சின்சில்லா வீடியோ ஒண்ணு விடாம பார்த்தவ. போட்டோ அனுப்பினா பார்க்க மாட்டேன்னு சொன்னீங்க. அதான் லெட்டர்.

ஒரே ஒரு விஷயம். இன்னும் புல்லைத் தொடல. காய்ஞ்ச திராட்சை காட்டினா மட்டும் ஓடி வருது. என்னைப் பிடிச்சிருக்கு போல.

உங்க வாலு

ஜூன் 8

வாலு,

திராட்சையை இன்னைக்கே நிறுத்து. இனிப்பு அதுக்கு ஆகாது, குடல் நின்னுடும். உன் வீடியோக்காரங்க அதைச் சொல்லலையா? காய்ஞ்ச புல்லுதான் அதுக்கு உசிரு. புழுக்கை போடுதான்னு பாரு. போடலைன்னா லெட்டரைக் கீழ போட்டுட்டு டாக்டர்கிட்ட ஓடு.

கையை நீட்டிக் கூப்பிடாத. மேலயிருந்து கை வந்தா பருந்துன்னு பயப்படும். கூண்டுகிட்ட தரையில உட்காரு, உன் பாட்டுக்கு ஏதாவது வேலை செய். இங்க நான் மெஷின்ல தலையணை தைக்கறப்பதான் அது சாப்பிடும்.

அக்கா

ஜூன் 14

அக்கா,

முதல்ல சொல்லிடறேன், பிழைச்சிடுச்சு.

உங்க லெட்டர் வர்றதுக்குள்ளயே சுருண்டு படுத்துடுச்சு. டாக்டரம்மா புல்லு மாவு கரைச்சு சிரிஞ்ச்ல ஊட்டச் சொன்னாங்க. துண்டுல சுத்திப் பிடிச்சு ஊட்டறப்ப பல்லைக் கடிச்சிட்டு என்னையே பார்த்துச்சு. அந்தப் பார்வை எந்த வீடியோவுலயும் இல்லக்கா. பிரியமா இருக்கேன்னு நினைச்சே கொன்னிருப்பேன்.

எங்க வீட்ல மெஷின் இல்ல. தையல் மெஷின் சத்தம் மட்டும் ஓடற வீடியோ ஒண்ணு கிடைச்சுது, யாரோ தூங்கறதுக்காகப் போட்டது. போட்டதும் காது ரெண்டும் நிமிர்ந்துச்சு. மூலை மூலையா உங்களைத் தேடுச்சு. ரொம்ப நேரம் தேடுச்சு. அப்புறம்தான் புல்லை எடுத்துச்சு.

வாலு

ஜூலை 20

வாலு,

எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வேற டாக்டரைப் பார்த்தேன். உருண்டை மேல தப்பில்லையாம். நான் தைக்கறப்ப பறக்கற தலையணைப் பஞ்சுதான் காரணமாம். பஞ்சு வேலையை விட்டுட்டேன், இப்ப வெறும் துணிதான். மூச்சு சரியாயிடுச்சு.

புல்லு ஒரு கட்டு வாங்கி வச்சிட்டேன். ஆகஸ்ட் முதல் ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். உனக்கு வேற குட்டி பார்த்துத் தரேன். கோச்சுக்காதடி.

அக்கா

ஜூலை 24

அக்கா,

நீங்க கேக்கறதுல தப்பே இல்ல. என் இடத்துல யாரா இருந்தாலும் குடுத்துடுவாங்க. அம்மாகூட "அவங்க பொருள், குடுத்துடு"ன்னுதான் சொல்றாங்க.

இப்ப அதுக்கு மெஷின் சத்தம் வேணாம்க்கா. தரையில உட்கார்ந்து நான் எதையாவது உளறிட்டிருந்தா போதும், முழங்கால்ல ஏறி உட்கார்ந்து கொறிக்குது. நான் எழுந்து போனா வாயில புல்லோட அப்படியே நிக்குது.

உங்களைத் தேடி அது பட்டினி கிடந்ததை நீங்க பார்க்கல. நான் பார்த்தேன். இன்னொரு தடவை அது யாரையோ தேடிப் பட்டினி கிடக்க விட மாட்டேன்.

தர மாட்டேன்க்கா. நீங்க வாங்க, எத்தனை நாள் வேணா இருங்க. கூடை மட்டும் கொண்டு வராதீங்க. திட்டணும்னா திட்டுங்க.

வாலு

ஜூலை 29

வாலு,

திட்டினேன். நல்லாவே திட்டினேன். மெஷினுக்குத்தான் கேட்டிருக்கும்.

ஞாயித்துக்கிழமை நான் வரல. கூடை இல்லாம வந்தாலும் முந்தானையில சுத்தித் தூக்கிட்டு வந்துடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

வாங்கின புல்லை இங்க வச்சு நான் என்ன பண்ண? பார்சல்ல அனுப்பியிருக்கேன். வழியில ஈரம் ஏறியிருக்கும். பிரிச்சு, மோந்து பாரு. பூசணம் வாடை வந்தா யோசிக்காம தூக்கிப் போட்டுடு. நல்லா இருந்தா காய வச்சிட்டு, பழைய புல்லோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து குடு.

அது கொறிக்கறப்ப எழுந்து போகாத.

அக்கா