வான்கோழிக் கொட்டகையில் ஒரு பல் டாக்டர்

பிப்ரவரி 10
யோனா நோன்பு தொடங்கியது. யோனாவை விழுங்கிய மீன்கூட அந்த மனுஷனை மூன்றாம் நாளே கக்கிவிட்டது. நான் இந்தப் பாலைவன மடத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் வான்கோழிக் கொட்டகையில்தான் கிடக்கிறேன். வந்த அன்று மடத்துத் தலைவரான பெரிய அபூனா வாசலில் பார்த்து, "கொஞ்ச நாள் வான்கோழிங்களப் பாத்துக்கோப்பா, நானே கூப்பிடுறேன்" என்றார். துறவியாக வருகிறவனின் பொறுமையைச் சோதிப்பது இங்கே வழக்கம். கல்லூரியில் ஒரு பரீட்சையிலும் நான் தோற்றதில்லை. இதிலும் தோற்கமாட்டேன்.

பிப்ரவரி 13
கூரை ஒழுகுகிறது. சோதனை. யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16
சமையல்கட்டைப் பார்க்கும் துறவி அபூனா பிசென்தி அனுப்பும் பருப்பில் உப்பே இருப்பதில்லை. இதுவும் சோதனைதான். முகம் சுளிக்காமல் சாப்பிட்டேன். எங்காவது ஒளிந்து நின்று மார்க் போடுவார்கள் அல்லவா?

பிப்ரவரி 21
ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்புக்காகப் பார்வையாளர்களுக்கு மடத்து வாசலை அடைப்பதற்குள் அக்கா நர்மீன் எங்கள் ஊர் அஸ்யூத்திலிருந்து வந்துவிட்டாள். கொட்டகையைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"டேய் ரம்ஸி, பல் டாக்டருக்குப் படிச்சுட்டு வான்கோழியா மேய்க்கிற? அதுக்குப் பல்லே கிடையாதேடா!"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அதுவும் ஒருவேளை சோதனையாக—

அப்பாவின் கிளினிக்கை எனக்காகப் பூட்டி வைத்திருக்கிறாள். ஈஸ்டர் வரைதான் பொறுப்பாளாம். பிறகு வேறு டாக்டருக்கு விட்டுவிடுவாளாம். "சாமி உன்னக் கூப்பிட்டாரா, நீயா வந்து உக்காந்துக்கிட்டியா? அதச் சொல்லு முதல்ல." வான்கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க எழுந்துபோனேன்.

மார்ச் 9
எனக்கு ஒரு வருடம் பின்னால் வந்த புத்ரோஸுக்கு இன்று துறவியின் கறுப்பு அங்கி. பீடத்தின் முன் படுக்கவைத்து, திரைச்சீலையால் மூடி, உலகத்துக்கு அவன் செத்துவிட்டான் என்று செத்தவர்களுக்குப் பாடுவதைப் பாடினார்கள். அடுத்தவனுக்குச் சாவுப்பாட்டு பாடுவதைக் கேட்டுப் பொறாமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆண்டவரே, உமக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?

ஏப்ரல் 16
பெரிய அபூனாவே கொட்டகைக்கு வந்தார்! ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. இதற்காகவே ஒத்திகை பார்த்து வைத்திருந்த பணிவான முகத்தைத் தயாராக்கினேன்.

"இங்க யாரோ பல் டாக்டர் இருக்காராமே, எங்கப்பா?"

"நான்தான் அபூனா."

"நீயா? நீ வேலைக்கு வந்த ஆளுல்ல? மாசச் சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா?"

துறவியாக வந்தவன் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட கர்த்தாவே! மறந்தே போயிட்டேன்ப்பா. சரி விடு, நீ இன்னிக்குத்தான் வந்து சேந்தன்னு வெச்சுக்குவோம். முதல்ல இந்தப் பல்லப் பாரு."

சீழ் வைத்திருந்தது. மாத்திரை சொன்னேன். நல்ல பல்லாகப் பார்த்து ஒன்றைப் பிடுங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஏப்ரல் 17
யாருமே பாக்கல. ரெண்டு வருஷம்! ஒருத்தரும் மார்க் போடல. கூரை சும்மா ஒழுகியிருக்கு. பிசென்திக்கு ரத்தக்கொதிப்பாம், அதான் உப்பு போடுறதில்லையாம் — புத்ரோஸ் சொல்றான். அப்போ நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தது யாருக்குக் காட்ட? பையைக் கட்டிட்டேன். ஈஸ்டர் முடிஞ்சதும் முதல் வண்டி.

ஏப்ரல் 19
பழக்கதோஷத்தில் விடியற்காலையில் எழுந்துவிட்டேன். கொட்டகையில் நின்றபடியே ஜெபம் சொன்னேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்து நான் சொன்ன முதல் ஜெபம். பாதியில் விட்டிருக்கலாம், விடவில்லை. கடவுளை நன்றாகத் திட்டினேன். இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டு பெரிய அபூனாவிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் போல. இங்கிருந்து போகப் பிடிக்கவில்லை. அதை நினைத்தால்தான் எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 21
ஈஸ்டர் மறுநாள். வசந்த விழா என்று நாடே பூங்காவில் உட்கார்ந்து உப்புமீன் தின்கிறது. நான் மடத்துப் போனில் அக்காவைக் கூப்பிட்டேன்.

"கிளினிக்க அந்த டாக்டருக்கே குடுத்துடுக்கா."

"அப்போ கறுப்பு அங்கி குடுத்துட்டாங்களா?"

"இல்ல."

"எப்பத் தருவாங்களாம்?"

"கேக்கல."