உச்சிக்குக் கொஞ்சம் கீழே

அன்புள்ள அப்பாவுக்கு,

செந்தில்வேல் வணக்கத்துடன் எழுதுகிறேன். இருமல் குறைந்ததா? அங்கே சாரல் விழுமே, நனைந்துகொண்டு வயலுக்குப் போகாதீர்கள். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்வாள், அதனால்தான் கடிதம்.

போன வாரம் ஃபுஜி மலை ஏறினோம். ஜப்பானில் எல்லாரும் ஏறுகிற மலைதான், பயப்பட ஒன்றுமில்லை. உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு கோயில் வளைவு நின்றது. அடுத்த மாதம் அம்மாவுக்கு நடக்கப்போகிற இதய ஆபரேஷனுக்காக வேண்டிக்கொண்டுதான் ஏறினேன். நம் பண்பொழி திருமலை முருகனுக்கு ஏறுகிற நினைப்பில் ஷூவைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டேன்.

கூட வேலை பார்க்கும் கீழப்பாவூர் மணிகண்டபிரபு கத்தினான். "ஏலே, இது நம்ம திருமலைக்கோயில் இல்லலே! குளிர்ல காலு செத்துப் போயிரும்."

"சாமி வாசல்ல செருப்போட எப்பிடிலே போக?" என்று நடந்தேன். உறைபனி படிந்த சரளைக்கல் குத்தியது. பிறகு குத்துவதே தெரியவில்லை. வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

மணி என்னை உட்காரவைத்து, வெளுத்துப்போன விரல்களைத் தேய்த்தான். "உச்சி எங்கயும் ஓடிராது. இறங்குலே" என்று இழுத்து வந்துவிட்டான்.

இப்போது ஒன்றுமில்லை. அம்மாவிடம் உச்சிக்குப் போய்விட்டான் என்றே சொல்லுங்கள். சாரல் நின்றபின் மிச்சத்தை நீங்கள் பண்பொழியில் வெறுங்காலோடு ஏறி முடித்துவிடுங்கள். அங்கே கல் சுடும், அவ்வளவுதான்.

பார்சல் அனுப்பினால் உங்கள் பழைய ரப்பர் செருப்பையும் வையுங்கள். என் செருப்பில் இடது கால் நுழையவில்லை.

நர்ஸ் கட்டு மாற்ற வந்துவிட்டார். நிறுத்துகிறேன்.

உங்கள்
செந்தில்வேல்